ஊசல் தந்த 9.78ஐத் திருத்த வேண்டுமா?

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மகளுக்கு எளிய ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.78 என வந்தது. புத்தகத்தில் 9.81, வினாத்தாளில் 10. கொப்பியில் 9.81 என்று மாற்றி எழுதச் சொல்லலாமா? – ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: வேண்டவே வேண்டாம். புவியீர்ப்பு ஆர்முடுகல் என்பது, விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனும் எத்தனை (செக்கனுக்கு மீற்றர்) கூடுகிறது என்பது. கொழும்பில் அந்தப் பெறுமானம் ஏறத்தாழ 9.78தான்.

9.81 என்பது, 1901இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்ட 9.80665ஐச் சுருக்கி எழுதுவது. இலண்டனுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். நமக்குச் சற்று அதிகம். 10 என்பது கணக்கைச் சுலபமாக்கும் ஏற்பாடு. வினாத்தாள் 10 என்றால் 10ஐயே இட வேண்டும், அங்கே வாதாடிப் பயனில்லை.

பூமி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்த ஆர்முடுகல் குறைகிறது. துருவத்தில் 9.83, ரேகையில் 9.78. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில்தான் இருக்கிறது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் தென்னமெரிக்காவின் கயென் நகரில் நாளுக்கு இரண்டரை நிமிடமளவில் பிந்துவதைக் கண்டார். அந்த ஊரும் நம்மைப் போல் ரேகைக்குப் பக்கத்து ஊர்தான்.

ஆனாலும் மகளை உடனே பாராட்டிவிடாதீர்கள். ஒரு மீற்றர் ஊசல் 50 அலைவுகளை முடிக்க, 9.78 என்றால் 100.46 செக்கன், 9.81 என்றால் 100.30 செக்கன். நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தடுமாற்றமே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். நீள அளவீடு இன்னும் பொல்லாதது. குண்டின் மையம்வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்து ஒரு சென்ரிமீற்றரைத் தவறவிட்டால், விடை 9.68க்கு இறங்கிவிடும்.

இதற்காகத்தான் வரைபு கேட்கிறார்கள். நீளத்தை 40 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர்வரை மாற்றி, அலைவுகாலத்தின் (ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரத்தின்) வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறிக்க வேண்டும். எல்லா நீளங்களிலும் ஒரே அளவு விடுபட்டிருந்தால் கோடு இடம்பெயருமே தவிர அதன் படித்திறன் (சாய்வின் அளவு) மாறாது, விடை பாதிக்கப்படாது. பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி அந்தப் படித்திறனால் வகுத்தால் ஆர்முடுகல் கிடைக்கும்.

கொப்பியில் அந்த வரைபு இருக்கிறதா, புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரேயொரு நீளத்துக்கு மட்டும் கணித்திருந்தால் இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள், 9.7 வந்தாலும் வந்ததையே எழுதட்டும்.