ஒன்றரை வட்டியா, 10 சதவீதமா: எது குறைவு?

நகையை அடகு வைத்து 50,000 ரூபாய் வாங்க அடகுக்கடையில் 'ஒன்றரை வட்டி' என்கிறார்கள், வங்கியில் 10 சதவீதம் என்கிறார்கள், எது குறைவு என்று கேட்டிருந்தீர்கள். வங்கிதான் மலிவு. அடகுக்கடையில் சொன்ன 'ஒன்றரை வட்டி' மாதக் கணக்கு. வங்கியின் 10 சதவீதம் வருஷக் கணக்கு. ஒன்றரையை 12-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 18 சதவீதம்.

உங்கள் 50,000 ரூபாய்க்குக் கடையில் மாதம் 750, வருஷம் 9,000. வங்கியில் வருஷம் 5,000.

பத்தைவிட ஒன்றரை சின்ன எண் என்பதால்தான் குழப்பம் வந்திருக்கும். சதவீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு, அவ்வளவுதான். எத்தனை நாளுக்கு என்று அந்தச் சொல்லில் கிடையாது. நம் ஊர்ப் பேச்சில் 'ரெண்டு வட்டி' என்றாலும் 'ரெண்டு பைசா வட்டி' என்றாலும் மாதத்துக்கு நூற்றுக்கு ரெண்டு ரூபாய். வங்கிக்காரர் அப்படிப் பேசமாட்டார்.

கடையில் சதவீதமே கேட்காதீர்கள். "அம்பதாயிரத்துக்கு மாசம் எத்தனை ரூபா?" என்று கேளுங்கள். வங்கியிலும் இதே கேள்விதான். ரெண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று கவனியுங்கள். வங்கியில் நகை மதிப்பீட்டுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் இருக்கலாம். பத்து நாளில் மீட்டுவிடுவீர்கள் என்றால் அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். கடையிலோ சிலர் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்: கைக்கு வருவது 49,250, வட்டி 50,000-க்கு! மாதம் முடிந்து ரெண்டு நாள் தள்ளிப் போனாலும் முழு மாத வட்டி கேட்பவர்களும் உண்டு. அடகுச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.