ஒன்று இல்லையென்றால் ஒன்பதும் இல்லையா?

கேள்வி: எங்கள் பழைய ரவுட்டரிடம் எஸ்.என்.எம்.பி. (வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்க உதவும் நெறிமுறை) வழியாக ஒரே கோரிக்கையில் பத்து விவரங்களைக் கேட்டால், ஒன்று இல்லை என்பதற்காக மற்ற ஒன்பதும் வருவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் ரவுட்டர் 1988-இல் வரையறுக்கப்பட்ட, எஸ்.என்.எம்.பி.-யின் முதல் பதிப்பைப் பயன்படுத்துகிறது என்று கருதுகிறேன். அதில் பிழைக் குறியீடு முழுப் பதிலுக்கும் ஒன்றுதான். எனவே கேட்ட விவரங்களில் ஒன்றின் பெயர் கருவியில் இல்லையென்றாலும், ‘நோ சச் நேம்’ என்ற பிழையும் அது எத்தனையாவது உருப்படி என்ற எண்ணும் மட்டுமே திரும்பும். அதை நீக்கிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும். இரண்டு பெயர்கள் இல்லையென்றால் மூன்று முறை கேட்க நேரும். நெரிசலில் தவிக்கும் வலையமைப்புக்கு இது வீண் சுமை.

1993-இல் வந்த இரண்டாம் பதிப்பு, இல்லாத உருப்படியின் இடத்தில் மட்டும் ‘நோ சச் ஆப்ஜெக்ட்’ போன்ற குறிப்பை வைத்து, மற்றவற்றின் மதிப்புகளை அனுப்புகிறது. ஆனால் மதிப்புகளை மாற்றும் ‘செட்’ கோரிக்கையில், எல்லாம் நிறைவேற வேண்டும் அல்லது எதுவும் நிறைவேறக் கூடாது என்ற கண்டிப்பு தொடர்கிறது. பாதி மாறிய அமைப்பு ஆபத்தானது என்பதால் அதுவே சரி. மாற்றத்தைத் திரும்பப் பெறவும் இயலாதபோது, ‘அன்டூ ஃபெயில்டு’ என்ற தனிக் குறியீடு அதை மறைக்காமல் தெரிவிக்கிறது. கருவி ஏற்குமானால், கண்காணிப்பு மென்பொருளில் பதிப்பை ‘வி2சி’ (இரண்டாம் பதிப்பின் ஒரு வடிவம்) என்று மாற்றுங்கள்.