உண்டியலில் போட்டால் களவு கழியுமா? – கேள்வி பதில்

தவக்காலத்தை முன்னிட்டு, கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுக்கப் போதனையை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் குருவானவர் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் மறைக்கல்வி நடத்தியவன், அறநெறி இறையியலை முறையாகப் படித்தவன். என் பதில் எதுவும் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு) ஈடாகாது.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்தில் முட்டை சேர்க்கலாமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

சேர்க்கலாம். விலக்கப்பட்டது இறைச்சி மட்டுமே. முட்டை, பால், மீன் விலக்கப்படவில்லை. 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம். 18 நிறைந்தவர் முதல் 60ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டுமே முழு உணவு) உண்டு. அது விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரியது. மற்ற வெள்ளிகளில் மாற்றுத் தவமுயற்சியை ஆயர் பேரவை அனுமதிக்கலாம் என்பதால், உங்கள் மறைமாவட்டச் சுற்றறிக்கையைப் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு முழுக்க வேலை. பூசை தவறினால் சாவான பாவமா (கனமான பாவமா)? (கணினி நிறுவன ஊழியர், சென்னை)

சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே கடன் நிறைவேறிவிடும் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்கிறது. அதற்கும் உண்மையிலேயே வழியில்லை என்றால் பாவமில்லை. வழியிருந்தும் தூக்கத்துக்காக விட்டால் அது வேறு கதை.

கருவாடு இறைச்சியா? (குளச்சல்)

மீன். மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. சோதனைக்குழாய் முறையைத் திருச்சபை ஏன் மறுக்கிறது? (ஒரு தம்பதி, திருச்சி)

அம்மா, ஐயா, உங்கள் வேதனையைச் சட்டம் பேசித் தீர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டதற்கு நேராகச் சொல்ல வேண்டும். 1987இல் உரோமை வெளியிட்ட 'தோனும் வீத்தே' (உயிர் என்னும் கொடை) என்ற போதனை ஆவணம் இந்த முறையை ஏற்கவில்லை. பிள்ளை என்பது கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தங்களைக் கையளிப்பதில் பெறும் கொடை. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் பொருள் அல்ல. அதோடு, இம்முறையில் வழக்கமாகப் பல கருக்கள் உருவாக்கப்பட்டு, மீந்தவை உறைய வைக்கப்படுகின்றன அல்லது அழிக்கப்படுகின்றன. குறையைக் கண்டறிந்து குணமாக்கும் சிகிச்சைகளுக்குத் தடையில்லை: அடைபட்ட கருக்குழாய்க்கு அறுவைச் சிகிச்சை, சுரப்பிக் கோளாறுக்கு மருந்து, எல்லாம் செய்யலாம். அம்முறையில் பிறந்துவிட்ட பிள்ளையின் மாண்பு எள்ளளவும் குறைந்ததல்ல. இன்னொன்று: கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்து "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று துளைக்கும் உறவினர்கள் பிறரன்புக்கு எதிராகப் பாவம் செய்கிறார்கள். அதை அவர்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லட்டும்.

பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கலாமா?

கூடாது. முதல் கட்டளைக்கு எதிரானது.

முதல் திருமணம் செல்லாது என்று அறிவிக்க முடியுமா?

மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பியுங்கள். சாட்சியங்களைப் பார்க்காமல் நான் கருத்துச் சொல்வது தவறு.

நிலப்பதிவு தொடர்பான அலுவலகத்தில் 22 ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். கை நீட்டி வாங்கியிருக்கிறேன். ஓய்வுபெற்றபின் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மனம் ஆறவில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு ஐந்து பவுன் சங்கிலி சாத்தலாம் என்றிருக்கிறேன். போதுமா?

போதாது ஐயா. சங்கிலியை இப்போது வாங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி எனக்கு வந்த கேள்விகள் பதினேழு. 'களவு செய்யாதே' என்ற ஏழாம் கட்டளையைப் பற்றி வந்தது இந்த ஒன்றுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன். களவுக்கு மன்னிப்பு வேண்டுமென்றால், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனம் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது நீதியின் கடன். முதலில் உரியவருக்கு; அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு; தேடியும் யாரென்று தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. மாதாவின் கழுத்துக்கு வரும் சங்கிலி இந்த வரிசையில் எங்கும் இல்லை. பிறர் பணத்தை உண்டியலில் போட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். இதை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

கடவுளின் இரக்கத்தைவிட உங்கள் சட்டம் பெரியதா? குருவானவர் மன்னிப்பு வழங்கிய பிறகு பழையதைக் கிளறலாமா? (மதுரை)

வரிதண்டுபவரான சக்கேயுவின் வீட்டுக்குள் இயேசு இரக்கத்தோடுதான் போனார். அந்த இரக்கம் தொட்டதால்தான் சக்கேயு எழுந்து நின்று, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றார். மன்னிப்பைச் சந்தேகிக்கும்படி நான் இந்த ஐயாவிடம் சொல்லவில்லை. மன்னிப்புப் பெற்றவரிடம் இன்னும் ஒரு கடன் பாக்கி நிற்கிறது என்கிறேன். புனித அகுஸ்தீன் மக்கெதோனியுஸ் என்ற உரோமை அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், திருப்பித் தர முடிந்தும் தராதவர் மனம் திரும்பவில்லை, மனம் திரும்பியதாக நடிக்கிறார் என்கிறார்.

லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதானே? அதைத் திருப்பித் தராமல் பக்திக் காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்று புனித தாமஸ் அக்வினாஸே சொல்லவில்லையா? (இறையியல் மாணவர்)

தம்பி, நல்ல கேள்வி, ஆனால் பாதிதான் படித்திருக்கிறீர்கள். கொடுப்பதே சட்டத்துக்கு எதிராக இருக்கும் இடத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்கிறார். அவர் காட்டும் உதாரணம் திருப்பதவியை விலைக்கு வாங்குவது. அதில் இருவரும் குற்றவாளிகள். போலிப் பத்திரத்துக்காகப் பணம் கொடுத்தவரை அந்த வரிசையில் வையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் அந்தப் பத்திரத்தால் நிலத்தை இழந்தவருக்கு ஈடு செய்யும் கடமை எழுத்தருக்கு மீதமிருக்கிறது. தனக்குச் சட்டப்படி சேர வேண்டிய சான்றிதழுக்காக, வேறு வழியின்றிக் கொடுத்த கைம்பெண் எந்தக் குற்றத்தில் பங்காளி? அவளிடம் பறிக்கப்பட்டது. பணம் அவளுடையது.

அந்தக் காணிக்கையால் கோவில் கட்டினால் ஏழைகளுக்கும்தானே பயன்? (அதே மாணவர்)

விவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்ற நூலின் 34ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழையின் உடைமையிலிருந்து பலி செலுத்துவது, தந்தையின் கண்முன்னே மகனைப் பலியிடுவதற்கு ஒப்பானது என்று அங்கே எழுதியிருக்கிறது. 1514இல் கியூபாவில் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குரு, மறையுரைக்குத் தயாரித்துக்கொண்டிருந்தபோது இந்த அதிகாரத்தைப் படித்தார். அவருக்கே அங்கு நிலமும் கட்டாய உழைப்புக்கு ஒப்படைக்கப்பட்ட பூர்வகுடி மக்களும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டார். பிற்காலத்தில் மெக்சிகோவின் சியாப்பாஸ் ஆயரானபோது, பூர்வகுடிகளிடம் பறித்ததைத் திருப்பித் தர மறுக்கும் ஸ்பானியர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கக் கூடாது என்று தம் குருக்களுக்குக் கட்டளையிட்டார். அந்தப் பணக்காரர்களும் காணிக்கை கொடுக்கத் தயாராகத்தான் இருந்திருப்பார்கள்.

என் மகனுக்கு வாங்கிய வரதட்சணையும் இதில் சேருமா? (நாகர்கோவில்)

சேரும் அம்மா. அது மருமகளின் சொத்து. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும், வாங்கியதை மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். முன்னின்று வாங்கிய உங்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தோம். திருவிழா வரிக்குப் பணம் தேவைப்பட்டது.

இன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள். கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம், யாக்கோபு 5:4. மற்றவற்றை அப்புறம் பேசலாம்.

வெள்ளிக்கிழமை மாட்டு எலும்புச் சூப்…

பங்குத்தந்தையிடம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பற்றி இதற்குமேல் பதில் எழுதமாட்டேன்.

எழுத்தராக இருந்தவன் மீண்டும் எழுதுகிறேன். யார் யாரிடம் வாங்கினேன் என்று நினைவில்லை. பென்ஷனில்தான் வாழ்கிறேன். ஒரே ஒருவரை மறக்க முடியவில்லை. 1998இல் ஒரு கைம்பெண், 3,000 ரூபாய். கம்மலை விற்றுக் கொண்டுவந்தார். அவர் இறந்துவிட்டார். மகன் டீக்கடை வைத்திருக்கிறார். போய்ச் சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஐயா, உங்கள் குற்றத்தை ஊரறியச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. மறைவாகவே திருப்பிக் கொடுக்கலாம். உங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் குரு வழியாகவும் கொடுக்கலாம், பாவசங்கீர்த்தன இரகசியம் அவரைக் கட்டும். முழுவதையும் ஒரே தவணையில் தர முடியாவிட்டால், முடிந்தபோது முடிந்ததைக் கொடுங்கள். நினைவில் இல்லாதவர்களுக்காக, சங்கிலிக்கு வைத்திருக்கும் பணத்தை ஏழைகளுக்குப் பகிருங்கள்.

அந்த மகனுக்கு வெறும் 3,000 போதாது. அன்று அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுன் தங்கம் கிடைத்தது. அவர் விற்றதும் தங்கம்தான். அதனால் இன்றைய ஒரு பவுன் விலையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். உறையில் வைத்து, "உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டிய பணம்" என்று எழுதுங்கள். அது உண்மை. உங்கள் பெயர் வேண்டாம். நாளை காலை கடையில் கூட்டம் சேருமுன் கொடுத்தனுப்புங்கள்.