பழைய கார் விலைக்கு 5 ஏக்கர் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: ஆஸ்டினில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்துபோனபோது கரன்டும் இல்லாமல், குழாயில் தண்ணீரும் இல்லாமல் இரண்டு குழந்தைகளோடு தவித்துப்போனோம். அன்றிலிருந்து எது நின்றுபோனாலும் நம் கையால் சமாளிக்கிற மாதிரி ஒரு நிலம் தேடுகிறேன். கொலராடோவில் காஸ்டில்லா கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 5 ஏக்கர் பழைய கார் விலைக்குக் கிடைக்கிறது. ஜனம் குறைவு, பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லை. வாங்கிவிடலாமா?

பதில்: தோட்டம் போட்டுச் சாப்பிடுவதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். ஜனம் குறைவு என்பதை நல்ல விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் குறைவு என்று கேட்டுப் பாருங்கள். 2020 கணக்கெடுப்பில் அந்தக் கவுன்டி முழுக்க சுமார் 3,500 பேர்தான். நிலம் 7,500 அடிக்கு மேல். பக்கத்து அலமோசாவில் மழையும் பனியும் சேர்த்தே வருடத்துக்கு 7 அங்குலம் சொச்சம். உறைபனி இல்லாமல் பயிர் நிற்கக் கிடைப்பது சுமார் மூன்று மாதம்.

சரி, போர்வெல் போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கொலராடோவில் 35 ஏக்கருக்குக் குறைவான மனைக்குப் பெரும்பாலும் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்றுதான் கிணற்று அனுமதி கிடைக்கும். அதாவது குடிக்கலாம், குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். வாசலுக்கு வெளியே இருக்கும் தக்காளிச் செடிக்கு ஒரு குடம் ஊற்றக் கூடாது, ஆட்டுக்குக் காட்டவும் கூடாது. 35 ஏக்கர் இருந்தால் ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்குப் பாய்ச்சலாம், கால்நடை வைத்துக்கொள்ளலாம். மழைநீரைப் பிடிக்கலாமே என்றால், பொதுவாக எல்லா வீட்டுக்கும் அதற்கே 2016இல்தான் சட்டம் வழிவிட்டது, அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன்.

அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஊர் நியாயம் வேறு. தண்ணீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது கொலராடோ சட்டம். காஸ்டில்லாவின் தலைமை ஊரான சான் லூயிஸில் 1852இல் வெட்டிய ‘மக்கள் வாய்க்கால்’தான் அந்த மாநிலத்திலேயே மூத்த நீர் உரிமை, இன்றும் அதில் பாய்ச்சுகிறார்கள். கவுன்டியின் மேற்கு எல்லையில் ஓடும் ரியோ கிராண்டேவைக் கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மூன்றும் 1938 ஒப்பந்தப்படி பங்கு போட்டுக்கொள்கின்றன. இவ்வளவு நீண்ட வரிசையில் நீங்கள் இந்த வருடம் போய்க் கடைசி ஆளாக நிற்கப்போகிறீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் காஸ்டில்லா இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு வருடம் வண்டியில் தண்ணீர் சுமந்தார். 275 கேலன் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பினால் ஒரு டன்னுக்கு மேல் எடை, பெரும்பாலான பிக்கப்புகள் அந்தப் பாரத்தைத் தாங்காது, அதனால் பாதி பாதியாகக் கொண்டுவருவார். நான் ஒரு மார்ச் மாதம் போயிருந்தேன். காலையில் தொட்டியின் அடி வால்வு உறைந்துகிடக்க, மனுஷன் ஜெனரேட்டரைப் போட்டு அதில் ஹேர் டிரையரை மாட்டி, மண்டியிட்டு அரை மணி நேரம் வால்வுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு தம்ளர் காபிக்கு. எதிரே பிளாங்கா சிகரம் பனியோடு ஜொலிக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? அப்புறம் அலமோசாவில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டார்.

அதனால் எந்தக் கவுன்டியாக இருந்தாலும் விளம்பரப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கவுன்டி நில அலுவலகத்துக்கும், கிணற்று அனுமதி தரும் அலுவலகத்துக்கும் போன் போட்டு, மனை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: என்ன கிணற்று அனுமதி கிடைக்கும், செப்டிக் டேங்க் இல்லாமல் டிரெய்லரில் தங்க விடுவார்களா, அந்தச் சாலையில் பனி தள்ள யார் வருவார்கள். கடைசிக் கேள்விக்கு ‘யாரும் வரமாட்டார்கள்’ என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி: அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் தேசிய அபாயக் குறியீட்டில் ‘அபாயம் மிகக் குறைவு’ என்று வரும் கவுன்டியைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

பதில்: அந்தக் குறியீட்டில் பெரும்பங்கு வருடத்துக்கு எவ்வளவு நஷ்டம் வரும் என்ற கணக்குக்குத்தான். கட்டடமும் ஆளும் இல்லாத இடத்தில் இழக்க என்ன இருக்கிறது? அதனால் காலியான கவுன்டிகள் பெரும்பாலும் நல்ல மார்க் வாங்கிவிடும். 2018இல் காஸ்டில்லாவிலும் பக்கத்து வெர்ஃபானோவிலும் ஒரே காட்டுத்தீ ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. உங்கள் வீடு அதற்குள் இருந்தால் உங்கள் நஷ்டம் நூற்றுக்கு நூறுதான். நல்ல பெயர் வாங்கிய இடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். வட கரோலினாவின் ஆஷ்வில்லைப் பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிய ஊர் என்று கொஞ்ச நாள் கொண்டாடினார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மழை மலையைக் கரைத்தபோது, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க நவம்பர் 18 வரை காத்திருந்தார்கள்.

கேள்வி: மழை உள்ள இடமாக, மிசூரியில் ஓசார்க் மலைப்பக்கம் பார்க்கலாமா? அங்கே பல கவுன்டிகளில் கட்டட விதியே இல்லையாமே!

பதில்: பார்க்கலாம், காஸ்டில்லாவைவிட எனக்கு அது பிடிக்கும். வருடத்துக்கு 45 அங்குலம் அளவுக்கு மழை, நீளமான பயிர்க்காலம், கிணற்றுக்கும் பெரிய கெடுபிடி இல்லை. ஆனால் கட்டட விதி இல்லை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, ஓட்டையும் குகையுமாக. மேட்டில் ஒருவர் செப்டிக் டேங்கை ஏனோதானோவென்று போட்டால் அதன் கழிவு மண்ணில் வடிகட்டப்படாமலே உங்கள் கிணற்றுக்கு வந்துவிடலாம், வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். ஓடையோரத்து மட்ட நிலம் பார்க்க அழகாக இருக்கும். 2017 ஏப்ரல் கடைசியில் அந்தப் பக்கம் வெள்ளம் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது.

இன்னொன்று, ஆடு வளர்க்கிற எண்ணம் இருப்பவர்களுக்கு. அங்கே ‘லோன் ஸ்டார்’ என்ற உண்ணி நிறைய. அது கடித்துச் சிலருக்கு மாட்டு, பன்றி, ஆட்டு இறைச்சி எதுவுமே ஆகாத அலர்ஜி வந்துவிடுகிறது, சிலருக்குப் பாலும் சேராது. கோழி, மீன் பிரச்சினையில்லை. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடக்கப் பழகுங்கள்.

கேள்வி: அந்த மாதிரி ஊருக்குப் போகும்போது பாதுகாப்புக்கு முதலில் துப்பாக்கி வாங்கவா?

பதில்: முதலில் செயின் சா வாங்குங்கள். புயலுக்கு மறுநாள் காலையில் சாலையில் விழுந்துகிடக்கும் மரத்தை அறுக்க அதோடு போய் நின்றால், அன்று மத்தியானத்துக்குள் அந்தச் சாலையில் இருக்கிற எல்லாருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும். உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.