அவிழ்ந்த பாயும் ஆடும் காலும்

கேள்வி: ஆங்கிலேய மாலுமிகளைப் பற்றிய பழைய கதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஒருவன் ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ நிலையில் கரையேறினான் என்று வருகிறது. ‘காற்றில் மூன்று விரிப்புகள்’ என்று எழுதிப் பார்த்தேன், பொருள் விளங்கவில்லை.
— வாசகி, பாம்பன்

பதில்: அவன் மிதமிஞ்சிக் குடித்திருந்தான் என்பதே பொருள், சகோதரி. ‘ஷீட்’ என்றால் விரிப்பு என்றுதான் நமக்குத் தெரியும். கப்பற்காரர்களின் வழக்கிலோ அது பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றின் பெயர்.

எனக்கு ஊர் தொண்டி. கச்சான் காற்று வலுத்த ஒரு நாள், பெரியப்பாவின் பாய்மரப் படகான வத்தையில் அந்தக் கயிற்றின் கட்டு நழுவியதை நேரில் கண்டிருக்கிறேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. வத்தை சுக்கானுக்கு அடங்காமல், அணியம் என்னும் முன்முனை இருபுறமும் அலைய, நின்ற இடத்திலேயே தள்ளாடியது. அவர் கயிற்றின் நுனியை எட்டிப் பிடித்து, உள்ளங்கை எரிய இழுத்துக் கட்டிய பிறகே அது நேரானது. ஒரு கயிற்றுக்கே அந்தப் பாடென்றால், மூன்றும் அவிழ்ந்த கப்பலின் நடையை நீங்களே எண்ணிப் பாருங்கள். இலேசாகக் குடித்தவனை ‘ஒரு கயிறு’ என்று சொல்லும் வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. ஆகவே எண்ணை விட்டுவிடாதீர்கள்.

‘க்ரோகி’ என்ற சொல்லும் உங்கள் கதையில் வரக்கூடும். பட்டும் கம்பளியும் கலந்த ‘க்ரோக்ரம்’ என்னும் முரட்டுத் துணியில் மேலங்கி அணிந்ததால், கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனை மாலுமிகள் ‘ஓல்ட் க்ரோக்’ என்று அழைத்தார்கள். 1740இல் அவர் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று ஆணையிட, அந்தக் கலவைக்கு ‘க்ரோக்’ என்றும், அதைக் குடித்துத் தடுமாறியவனின் நிலைக்கு ‘க்ரோகி’ என்றும் பெயர் வந்தன. பிரிட்டிஷ் கடற்படை அன்றாட ரம் படியை 1970 ஜூலை 31 அன்றுதான் நிறுத்தியது. இன்று தூக்கக் கலக்கத்தையும் ‘க்ரோகி’ என்பதால், இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். ‘பிஸ்ட்’ என்பதிலும் கவனம் தேவை: பிரிட்டனில் அது போதையையும், அமெரிக்காவில் கோபத்தையும் குறிக்கும்.

‘மப்பில் வந்தான்’ என்று எழுதினால் பொருள் வந்துவிடும், கடல் போய்விடும். ‘மூன்று கயிறும் அவிழ்ந்த பாய்போல் ஆடிக்கொண்டு கரையேறினான்’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். அச்சுக்கு அனுப்புமுன், உங்கள் ஊரில் பாய் கட்டிக் கடலோடிய பெரியவர் ஒருவரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டுங்கள்.