கேரவன் பார்க், கேம்பிங், ஃபங்ஷன் ஹால்: கவுன்சில் பெர்மிட் பத்தி நீங்க கேட்டது

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி கவுன்சில் பெர்மிட் பத்தி தான். நான் வருஷக்கணக்கா ஒரு கவுன்சில்ல (நம்ம ஊர் முனிசிபாலிட்டி மாதிரி) பிளானிங் பக்கம் வேலை பார்த்துட்டு இப்போ வெளிய கன்சல்டிங் பண்றேன். பதில் எல்லாம் நியூ சவுத் வேல்ஸுக்கு மட்டும், மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆளுங்க இதை நம்பி கிளம்பிடாதீங்க, அங்க சட்டமே வேற.

கேள்வி: நாங்க மூணு ஃபேமிலி சேர்ந்து சவுத் கோஸ்ட்ல ஒரு கேரவன் பார்க் வாங்கலாம்னு இருக்கோம். "எல்லா அப்ரூவலும் இருக்கு"னு ஏஜென்ட் சொல்றார். நாங்க தனியா எதாவது பாக்கணுமா சார்?

எல்லா அப்ரூவலும்னா எது எதுனு முதல்ல கேளுங்க. ரெண்டு பேப்பர் இருக்கணும். ஒண்ணு டெவலப்மென்ட் கன்சென்ட், நாம டிஏனு சொல்றது, 1979 பிளானிங் ஆக்ட்டுக்கு கீழ வரும், அந்த நிலத்துல கேரவன் பார்க் இருக்கலாம்னு சொல்ற பேப்பர். இன்னொண்ணு 1993 லோக்கல் கவர்ன்மென்ட் ஆக்ட் செக்‌ஷன் 68 அப்ரூவல், பார்க்கை நடத்துறதுக்கு. முதல் பேப்பர் நிலத்தோட சேர்ந்து வந்துடும், ரெண்டாவதுக்கு ஆயுசு உண்டு, கவுன்சில் வேற தேதி போடலேன்னா 5 வருஷம் தான். நிறைய பேர் முதல் பேப்பரை மட்டும் பாத்துட்டு கையெழுத்து போட்டுடறாங்க.

அந்த செக்‌ஷன் 68 பேப்பர்ல லாங் டேர்ம் சைட் (நிரந்தரமா தங்கறவங்களுக்கு) எத்தனை, ஷார்ட் டேர்ம் (லீவுக்கு வர்றவங்களுக்கு) எத்தனை, கேம்ப் சைட் எத்தனைனு போட்டிருக்கும், அதை கையில வச்சுகிட்டு நேர்ல போய் ஒண்ணு ஒண்ணா எண்ணுங்க. நான் போன ஒரு பார்க்ல பேப்பர்ல 40, தரையில 47. அந்த ஏழும் பசங்க விளையாடுற இடத்துல சொருகினது, விலை மட்டும் 47க்கு போட்டு கேட்டாங்க! விளையாட்டு, பொது உபயோகத்துக்குனு மொத்த நிலத்துல 10 சதவீதம் விடணும்ங்கறது ரூல். லாங் டேர்ம் சைட் குறைஞ்சது 80 சதுர மீட்டர், ஷார்ட் டேர்ம் 65. உள் ரோடு ரெண்டு பக்கமும் வண்டி போறதா இருந்தா 6 மீட்டர், ஒன்வேன்னா 4. எந்த சைட்டும் ஃபயர் ஹைட்ரன்ட்ல இருந்து 90 மீட்டரை தாண்டக்கூடாது. டேப் எடுத்துட்டு போங்க, வெக்கப்படாதீங்க.

அப்புறம் அங்கேயே நிரந்தரமா குடியிருக்கறவங்க. வீடு அவங்களோடது, இடத்துக்கு தான் வாடகை. அவங்களுக்கு 2013ல வந்த லேண்ட் லீஸ் கம்யூனிட்டீஸ் ஆக்ட் இருக்கு, ஓனர் மாறினதால அவங்க உரிமை மாறாது, "வாங்கிட்டு எல்லாரையும் காலி பண்ணிட்டு கேபின் போட்டுக்கலாம்"னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. ஆத்தங்கரை பார்க்னா வெள்ளம் எதுவரைக்கும் வரும்னு கவுன்சில்கிட்ட எழுத்துல வாங்குங்க, 10.7 சர்டிஃபிகேட்டும் (அந்த நிலம் எந்த ஸோன், என்ன கட்டுப்பாடுனு கவுன்சில் குடுக்கற பேப்பர்) பாருங்க.

கேள்வி: மட்ஜி பக்கம் 40 ஏக்கர் வச்சிருக்கேன். லாங் வீக்கெண்ட்ல ஃபிரெண்ட்ஸ் வந்து டென்ட் போடுவாங்க, காசு எதுவும் வாங்கறதில்ல. இதுக்கும் பெர்மிட்டா?

காசு வாங்கறீங்களா இல்லையாங்கறது மேட்டரே இல்ல, எத்தனை டென்ட், எத்தனை நாள்னு தான் பாப்பாங்க. ரெண்டு கேரவனோ டென்டோ, ஒரு தடவைக்கு 2 நாள், 12 மாசத்துல மொத்தம் 60 நாள், இதுக்குள்ள இருந்தா அப்ரூவல் வேண்டாம். பொங்கலுக்கு பதினஞ்சு டென்ட்னா தாண்டியாச்சு. ரெகுலரா நடத்தற எண்ணம் இருந்தா "பிரிமிடிவ் கேம்பிங் கிரவுண்ட்"னு ஒரு வகை இருக்கு, சராசரியா ஒரு ஹெக்டேருக்கு 2 சைட், உங்க 40 ஏக்கர் கிட்டத்தட்ட 16 ஹெக்டேர், அப்போ 32 சைட் வரைக்கும் கணக்கு வரும். ஆனா தண்ணி, டாய்லெட், குப்பை, தீயணைக்க ஏற்பாடு எல்லாம் கவுன்சில் சொல்றபடி வைக்கணும், அந்த ஸோன்ல கேம்பிங் அலவ்டானும் தனியா பாக்கணும்.

கேள்வி: அண்ணை, அம்மா எங்களோடை தான் இருக்கிறா. பின்வளவிலை ஒரு கரவன் போட்டு அவவை அதுக்குள்ள படுக்க விடலாமோ?

விடலாம் தங்கச்சி. கேரவன் உங்களோடதா இருக்கணும், நீங்க குடியிருக்கற வீட்டோட சேர்ந்து இருக்கணும், உங்க வீட்டு ஆளுங்க மட்டும் தங்கணும், பாதுகாப்பா சுத்தமா வச்சிருக்கணும். ஒரே ஒரு கேரவன். அம்மா ஊருக்கு போன நேரம் யாராவது ஸ்டூடன்டுக்கு வாடகைக்கு விட்டா இந்த சலுகை போச்சு.

கேள்வி: செவன் ஹில்ஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு ஃபேக்டரி யூனிட் சல்லிசா லீஸுக்கு வருது. வார நாள்ல பரதநாட்டிய கிளாஸ், வீக்கெண்ட்ல பர்த்டே, அரங்கேற்றம்னு ஹாலா விடலாம்னு பிளான். இந்த வாரம் சைன் பண்ணணும்.

பண்ணாதீங்க! டிஏ கிடைச்சா தான் லீஸ்னு ஒரு கண்டிஷன் சேர்த்தா மட்டும் பேனாவை எடுங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் முதல்ல சைன் பண்ணி, சீலிங் லைட் வரைக்கும் மாட்டி, 11 மாசம் வாடகை கட்டிகிட்டே டிஏக்கு காத்திருந்தார், கடைசில ரிஜெக்ட். பார்க்கிங் பத்தல.

டான்ஸ் கிளாஸ் நடத்தறது ஒரு வகை, பார்ட்டிக்கு ஹால் விடறது வேற வகை, அதுக்கு பேர் ஃபங்ஷன் சென்டர். உங்க கவுன்சிலோட எல்ஈபில (எந்த ஸோன்ல என்ன பண்ணலாம்னு சொல்ற பிளான்) அந்த ஸோன்ல ஃபங்ஷன் சென்டர் தடைனு இருந்தா அங்கேயே கதை முடிஞ்சது. அலவ்டா இருந்தாலும் கட்டட ரூல்ல அந்த கட்டடத்துக்கு உள்ள வகை, அதாவது கிளாஸ், மாறும், ஃபேக்டரினா கிளாஸ் 8, கோடவுன்னா 7பி, ஆளுங்க கூடற இடம்னா 9பி. அப்படி மாறும்போது வெளியேற எத்தனை வழி, கதவு எவ்வளவு அகலம், எமர்ஜென்சி லைட், டாய்லெட் எண்ணிக்கை, வீல்சேர் வசதினு வரிசையா வந்து நிக்கும், செலவெல்லாம் இங்க தான், வாடகைல மிச்சம் பிடிச்சதை விட ஜாஸ்தியா போகலாம். அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஃபயர் சேஃப்டி ஸ்டேட்மென்ட் வேற குடுக்கணும். இருநூறு பேரை ஒரு ரோலர் ஷட்டர் உள்ள அடைச்சு குத்துவிளக்கு ஏத்தறதை நினைச்சு பாருங்க, ரூல் ஏன் இருக்குனு புரியும்.

கவுன்சில்ல டியூட்டி பிளானர் இருப்பார், ஒரு போன் பண்ணுங்க, ஸோன் விஷயம் அப்பவே தெரிஞ்சிடும்.

கேள்வி: எங்க ரெஸ்டாரன்ட்ல வெள்ளிக்கிழமை லைவ் பாட்டு வைக்க என்டர்டெயின்மென்ட் லைசன்ஸ் வாங்கணுமா?

அந்த பழைய தனி அப்ரூவலை 2009லயே எடுத்துட்டாங்க. உங்க ரெஸ்டாரன்ட்டோட டிஏ கன்சென்ட்ல டைம், சத்தம் பத்தி என்ன கண்டிஷன் போட்டிருக்குனு முதல்ல பாருங்க. வெள்ளி சனி ராத்திரி 12, மத்த நாள் 10னு எல்லாரும் சொல்றாங்களே, அது வீட்டு பார்ட்டிக்கு உள்ள கணக்கு, ரெஸ்டாரன்ட்டுக்கு இல்ல. சினிமா பாட்டு பாடினா ஒன்மியூசிக் லைசன்ஸ் (பாட்டு காப்புரிமைக்கு) வேணும், ஆனா அது கவுன்சில் இல்ல.

கேள்வி: எங்க சங்கம் கவுன்சில் பார்க்ல பொங்கல் விழா எடுக்கணும். கிரவுண்ட் புக் பண்ணியாச்சு, போதும்ல?

போதாது. புக்கிங்ங்கறது இடம் உங்களுக்குனு சொல்றது மட்டும் தான். கவுன்சில் நிலத்துல மக்களுக்கு பாட்டு கூத்து நடத்த, மைக் ஸ்பீக்கர் வைக்க, வியாபாரம் பண்ண, எல்லாத்துக்கும் மேல கேரவன் பார்க்குக்கு சொன்ன அதே செக்‌ஷன் 68 வரும், நிறைய கவுன்சில்ல ஒரே ஈவென்ட் அப்ளிகேஷன்ல முடிச்சுக்கலாம். ராட்டினம் வச்சா அதுக்கு தனி அப்ரூவல். சாப்பாட்டு ஸ்டால்காரங்க முன்கூட்டியே கவுன்சிலுக்கு தெரியப்படுத்தணும். பட்டாசு சேஃப்வொர்க் (மாநில அரசோட வேலை பாதுகாப்பு அமைப்பு) லைசன்ஸ் உள்ள ஆள் மட்டும் தான் விடலாம், சங்க செயலாளர் கொளுத்தக்கூடாது. பப்ளிக் லயபிளிட்டி இன்சூரன்ஸ் பெரும்பாலும் 20 மில்லியன் டாலருக்கு கேப்பாங்க. இத்தனையும் இருந்தாலும் ஜனவரில முந்தின நாள் கொட்டிச்சுன்னா கிரவுண்டை மூடிடுவாங்க, அதனால பக்கத்துல ஒரு ஸ்கூல் ஹாலையும் பேசி வச்சுக்கோங்க.