லோராவுக்குக் காசு கொடுக்கலாமா? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஏஐ படங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இரண்டு வருடமாக என் கணினியிலேயே படங்களை உருவாக்கிப் பழகுகிறேன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாடலில் தொடங்கி, இப்போது கம்ஃபியூஐ என்ற மென்பொருளில் ஃப்ளக்ஸ் மாடல் வரை வந்திருக்கிறேன். எல்லாமே இலவசமாக இறக்கிக்கொண்டவைதான்.

சமீபமாக ஒரு மாற்றம் தெரிகிறது. நான் விரும்பிப் பயன்படுத்தும் லோராக்களை, அதாவது அடிப்படை மாடலுக்கு ஒரு பாணியையோ உருவத்தையோ கற்றுத்தரும் சின்னத் துணைக் கோப்புகளைச் செய்தவர்கள், புதியவற்றைப் பேட்ரியான் தளத்தில் மாதக் காசு கட்டுபவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சில வாரம் கழித்துத்தான் கிடைக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்வது நியாயமா? அடிப்படை மாடலை அவர்கள் செய்யவில்லை. பயிற்சிக்கு எடுத்த படங்களையும் பெரும்பாலும் அவர்கள் வரையவில்லை. அப்படியிருக்க நான் ஏன் அவர்களுக்குப் பணம் தர வேண்டும்? தருவதென்றால் யாருக்குத் தருவது?

நானும் ஒரு லோரா செய்து முடித்திருக்கிறேன். அதற்கு விலை வைக்கலாமா என்றும் யோசனை ஓடுகிறது.

கதிர்

அன்புள்ள கதிர்,

நீங்களே ஒரு லோரா செய்து முடித்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எத்தனை இரவுகள் ஆயின?

என் முதல் லோராவுக்கு நான் மையால் வரைந்த அறுபது படங்களை ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டேன். பயிற்சி ஓடியது சில மணி நேரம். அதற்கு முந்தைய வேலை மூன்று வாரம். ஒவ்வொரு படத்துக்கும் கேப்ஷன், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்ற விவரிப்பு வேண்டும். தானாக எழுதித்தரும் கருவி இருக்கிறது, ஆனால் கன்னத்தில் கோடு கோடாக நிழல் போட்டிருந்தால் அதைத் தாடி என்று எழுதிவிடும். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அப்படியும் ஒன்றைக் கோட்டை விட்டேன். என் படங்கள் எல்லாமே வெள்ளைத் தாளில் வரைந்தவை. 'வெள்ளைப் பின்னணி' என்று ஒரு கேப்ஷனில்கூட எழுதவில்லை. கேப்ஷனில் சொன்னதை மாடல் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும், சொல்லாமல் விட்டதைப் பாணியின் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். கடல் கேட்டாலும் காடு கேட்டாலும் வெள்ளைத் தாளில் மிதக்கும் உருவங்களே வந்தன. அறுபது கோப்பையும் திறந்து திருத்தி, மறுபடி பயிற்சி.

அப்புறம் எந்த எபோக்கை எடுப்பது என்ற தேர்வு. எல்லாப் படங்களையும் மாடல் ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பது ஒரு எபோக். ஒரே ப்ராம்ப்ட் (என்ன படம் வேண்டும் என்று கேட்கும் வரி), ஒரே சீட் (படம் தொடங்கும் தற்செயல் எண்), எபோக்குக்கு ஒரு படம் என வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். நான்காவதில் என் கோடு இன்னும் வரவில்லை. பத்தாவதில் படத்தின் மூலையில் நான் போடும் கையெழுத்தின் கிறுக்கல் முளைத்திருந்தது. கற்பதை விட்டுவிட்டு மாடல் மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருந்தது. ஏழாவதை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கையில் மிஞ்சியது 144 எம்பி கோப்பு. இறக்கிக்கொள்பவருக்கு அது அரை நிமிட வேலை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்களே, அந்தக் கணக்குத்தான். கோப்பை எத்தனை பேர் நகலெடுத்தாலும் யாருக்கும் செலவில்லை. அதைச் செய்த மூன்று வாரத்தை நகலெடுக்க முடியாது. நான் பணம் கொடுப்பது அந்த மூன்று வாரத்துக்கும், அடுத்த மூன்று வாரத்தை அவர் ஒதுக்க வேண்டும் என்பதற்கும்தான்.

'ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் விலையில்லாததற்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். நம்மிடம் கட்டற்ற மென்பொருள் என்பது ஒன்று, இலவச மென்பொருள் என்பது இன்னொன்று. கம்ஃபியூஐ ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. அந்த உரிமம் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. காசு வாங்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. மாடல்களின் கதை வேறு. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் உரிமம், அதை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பட்டியலோடு வந்தது. கறாராகப் பார்த்தால், பயன்பாட்டுக்குத் தடை போடும் ஒன்றை ஓப்பன் சோர்ஸ் என்றே சொல்ல முடியாது. நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரால் கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அதனால்தான் யாராவது காசு கேட்டால் வாக்கு மீறியதுபோலப் படுகிறது. அவர் அப்படியொரு வாக்கே கொடுக்கவில்லை.

முதலில் கட்டணம், பிறகு எல்லோருக்கும் என்ற ஏற்பாட்டில் எனக்குக் குறை இல்லை. எந்தத் தேதியில் எல்லோருக்கும் திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடி திறந்தால் போதும். சில வாரம் காத்திருப்பதால் நமக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது. எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நான்கு பேர் செய்த செக்பாயிண்ட்களை, அதாவது முழு மாடல் கோப்புகளை எடுத்து, இது முப்பது சதவீதம், அது இருபது சதவீதம் என்று கலந்து, யாருடையது என்று ஒரு வரிகூட எழுதாமல், புதுப் பெயர் சூட்டிக் காசுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே என்ற கதை. நல்ல கலவை செய்யவும் ருசி வேண்டும், பொறுமை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மூலத்தின் பெயரை மறைக்கிறவருக்கு என்னிடமிருந்து ஒரு காசும் போகாது.

இப்போது உங்கள் கடினமான கேள்வி. படங்களை அவர்கள் வரையவில்லையே என்கிறீர்கள். உண்மை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் கற்றுக்கொண்டது லாயன்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளிலிருந்து. முழுத் தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைப்புகளும் அவற்றுக்கான வரிகளும் இருந்தன. வரைந்தவர்களிடமும் படம் பிடித்தவர்களிடமும் யாரும் கேட்கவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. 2023 ஜனவரியில் ஓவியர்கள் சிலர் அமெரிக்காவில் வழக்குப் போட்டது இதனால்தான்.

போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கிக்கு நடந்ததைப் பாருங்கள். 2022-ல் டிராகன், கோட்டை, போர்க்களம் என்று எதைக் கேட்டாலும் ப்ராம்ப்டின் வாலில் அவர் பெயரை ஒட்டுவது வழக்கமாக இருந்தது. தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வருகின்றன என்று அவர் வெளிப்படையாகவே வருந்தினார். அந்த ஆண்டு நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் இரண்டாம் பதிப்பில் அவர் பெயர் முன்புபோல வேலை செய்யவில்லை. அடுத்த வருடமே யாரோ அவர் பாணியில் ஒரு லோரா செய்து பதிவேற்றிவிட்டார்கள். உயிரோடு இருக்கும், அதே தொழிலில் பிழைக்கும் ஒருவரின் பாணியை அவர் வேண்டாம் என்ற பிறகும் வைத்துச் செய்த லோராவுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். இலவசமாகக் கிடைத்தாலும் இறக்க மாட்டேன். காசு கொடுக்கும் முன் நான் முதலில் பார்ப்பது, பயிற்சிப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்பதை. தானே வரைந்தது, தானே எடுத்த புகைப்படம், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய அச்சுப் படங்கள், ஓவியரிடம் கேட்டு வாங்கியது என்று ஏதாவது இருக்க வேண்டும். அப்படி எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள், மற்றவர்களும் எழுத ஆரம்பிப்பார்கள்.

ஆனால், 'அவர்களும் எடுத்துக்கொண்டார்கள், அதனால் நானும் எடுத்துக்கொள்வேன்' என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. லோரா செய்தவருக்கு நீங்கள் கொடுக்காத பணம் ஓவியரின் கைக்குப் போய்ச் சேருவதில்லை. உங்கள் பையிலேயே இருக்கிறது. ஓவியர்களுக்கு நடந்தது உங்களை உறுத்துகிறது என்றால், அது நல்ல உறுத்தல்தான், நேராக ஒரு ஓவியரிடம் போய் ஒரு படம் வரையச் சொல்லிக் காசு கொடுங்கள். நான் வருடத்துக்கு ஒன்றாவது அப்படி வாங்குகிறேன்.

யாருக்குக் கொடுப்பது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் பெரும்பாலும் தவறான இடத்தில் தேங்குகிறது. அழகான முன்னோட்டப் படம் இருக்கும் மாடலுக்கு விருப்பக்குறிகளும் நன்கொடையும் குவிகின்றன. அந்த மாடல் ஓடுவதற்குத் தேவையான சின்ன நோடை, அதாவது கம்ஃபியூஐயில் சேர்க்கும் துணை நிரலை எழுதியவரை யாருக்கும் தெரியாது. லோரா பயிற்சி கொடுக்கும் எத்தனையோ கருவிகளின் அடியில் ஓடுவது கோயா என்ற புனைபெயரில் எழுதும் ஒருவரின் நிரல். நீங்கள் அழுத்திய பொத்தான் வேறு யாருடையதாகவோ இருக்கலாம், உள்ளே வேலை செய்தது அவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மென்பொருள் உலகம் இந்தப் பாடத்தை ஏற்கெனவே இரண்டு முறை படித்திருக்கிறது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நிரல் திட்டத்துக்கு வருடம் முழுக்க வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டாலர் என்று தெரியவந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ பின்வாசல் வைத்திருந்தது அம்பலமானது. அதைப் பல வருடம் தனியாளாகப் பராமரித்தவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்று 2022-லேயே எழுதியிருந்தார். ஏன் தாமதம், ஏன் பதில் இல்லை என்று நச்சரித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. சோர்ந்துபோனவருக்குத் தோள் கொடுப்பதுபோல வந்தவர்தான் பின்வாசலை வைத்தார்.

நம் வட்டத்துக்கும் இது தூரத்துச் செய்தி கிடையாது. 2024 ஜூனில் கம்ஃபியூஐக்கான ஒரு நோடு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுவது கண்டுபிடிக்கப்பட்டது. நோடு என்றால் நம் கணினியில் நேராக ஓடும் நிரல். புதிது புதிதாக நிறுவுகிறோம், யார் எழுதியது, இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்பதே இல்லை.

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முகங்களைச் சீர்செய்யும் ஒரு நோடை மாதக்கணக்கில் பயன்படுத்தினேன். ஒரு புதுப்பிப்புக்குப் பின் அது நின்றுபோனது. உடனே அதன் பக்கத்துக்குப் போய், 'எப்போது சரியாகும்?' என்று எழுதினேன். எனக்கு முன்னால் நாற்பது பேர் அதையே கேட்டிருந்தார்கள். சிலர் அதட்டியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தை அவர் மூடிவிட்டார். வேலை மாறிவிட்டது, இரவில் உட்கார முடியவில்லை, மன்னியுங்கள் என்று மூன்று வரி மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தின் மேலேயே நன்கொடைக்கான பொத்தான் இருந்திருக்கிறது. அத்தனை மாதத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டது இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மாடல்களையும் லோராக்களையும் பகிரும் சிவிட்ஏஐ தளத்தில் பஸ் என்ற உள்நாணயம் இருக்கிறது, அதில் அன்பளிப்பு கொடுப்பது சுலபம். ஆனால் 2025 மே மாதத்தில் அந்தத் தளத்துக்குக் கார்டு வழியாகப் பணம் வாங்கித்தந்த நிறுவனம் சேவையை நிறுத்தியது. தளத்தில் இருந்த சர்ச்சைக்குரிய படங்கள்தான் காரணம். பூச்செடியும் பழைய கட்டடமும் மட்டும் செய்துகொண்டிருந்தவரின் வருமானமும் அதே கயிற்றில்தான் தொங்கியது. அதனால் அவருக்கென்று தனிப் பக்கம் இருந்தால் அங்கே போய்க் கொடுப்பது மேல். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் ஸ்பான்சர்ஸ் திட்டத்தில் தனிநபர் கணக்கிலிருந்து கொடுத்தால் தளம் தனக்கென்று எதுவும் எடுப்பதில்லை. ஒரே தடவை பெரிய தொகையைவிட மாதாமாதம் சின்னத் தொகை நல்லது. அடுத்த மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒருவர் பயிற்சிக்கு வேண்டிய ஜிபியூவை வாடகைக்கு எடுக்கத் துணிவார்.

பெரிய அடிப்படை மாடல்களை வெளியிடும் நிறுவனங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள்.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உருவாக்கிய படத்தைப் பகிரும்போது எந்த லோரா, யார் செய்தது என்று எழுதலாம். பிழை வந்தால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாமல், பதிப்பு எண்ணையும் பிழைச் செய்தியையும் முழுதாகக் கொடுக்கலாம். தமிழில் ஒரு பயன்பாட்டுக் குறிப்பு எழுதலாம். இவையெல்லாம் அவருடைய ஒரு மாலைப்பொழுதை மிச்சப்படுத்தும்.

இனி உங்கள் லோரா. ஃப்ளக்ஸ் என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள், எந்த ஃப்ளக்ஸ்? 2024 ஆகஸ்டில் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் வெளியிட்டவற்றில் டெவ் என்பது வணிகம் சாராத பயன்பாட்டுக்கான உரிமத்தில் வந்தது. அதன்மேல் பயிற்சி கொடுத்த லோராவை விற்க வேண்டுமானால் அவர்களிடம் தனி உரிமம் வாங்கியாக வேண்டும். ஷ்னெல் வந்தது அப்பாச்சி 2.0 என்ற திறந்த உரிமத்தில், அதில் அந்தத் தடை இல்லை. டெவ் என்றால் விலை வைக்கும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஷ்னெல் என்றாலும் என் யோசனை ஒன்றுதான்: கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், பக்கத்தின் மேலே நன்கொடைப் பொத்தானை வையுங்கள், கூச்சப்படாமல் அது எதற்கு என்று இரண்டு வரி எழுதுங்கள். எத்தனை படங்கள், எங்கிருந்து வந்தவை, எத்தனை மணி நேரம் ஆனது என்று இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் அந்தப் படங்கள் யாருடையவை என்ற தகவல் இல்லை. அதையும் எழுதுங்கள். எபோக் வரிசையையும் நான்கைந்து கேப்ஷன் கோப்புகளையும் சேர்த்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.